தலைகீழாக்கிப் பெருக்குதல்

மலையகத்துப் பிள்ளைக்குப் பின்னம் புதியதொரு பொருளன்று. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளுக்கிடையே பிறக்கும் குழந்தை, பாடசாலைக் கரும்பலகையைக் காணுமுன்னரே 'அரைப்பேர்' என்னும் சொல்லைக் கேட்டுவிடுகின்றது. குறித்த நிறைக்குக் கொழுந்தெடுக்கத் தவறிய தாய்க்கு அன்று முழுப்பேர் இல்லை. நாட்கூலியிற் பாதியே கிட்டும். ஒன்று பாதியானால் அடுப்படியில் எது குறையும் என்பதை அக்குழந்தைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவ்வாறிருக்க, அதே பிள்ளை மேல்வகுப்பிலே அட்சரகணிதப் பின்னங்களை வகுக்க நேரும்போது மருள்வதேன்? 'வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குக' என்பது ஒரு விதி. 'சுட்டிகளைக் கழிக்க' என்பது மற்றொன்று. விதிகள் மனனமாகின்றன; காரணமோ பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. காரணம் அறியாத விதி கட்டளையாகிவிடுகின்றது. காலைப் பிரட்டில் இடப்படும் ஆணையைப் போல, அது கீழ்ப்படிவதற்கேயன்றி வினவுவதற்கன்று.

காரணமோ தொலைவில் இல்லை. அரைநாளில் 9 கிலோ கொழுந்தெடுத்தவள் அதே வேகத்தில் முழுநாளில் எவ்வளவு எடுப்பாள்? 18 கிலோ எனப் பிள்ளை தயங்காது கூறும். 9ஐ அரையால் வகுத்தல் என்பது இதுவே. அரையால் வகுப்பது இரண்டாற் பெருக்குவதாகும் உண்மை, கொழுந்து நிறுக்கும் தராசடியிலேயே கிடக்கின்றது. பிரமகுப்தர் கி.பி. 628இல் எழுதிய நூலில், வகுக்கும் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் இடம்மாற்றிப் பெருக்குமாறு விதித்ததும் இதனையே.

சுட்டிகளின் நிலையும் அத்தகையதே. க⁵ என்பது ஐந்து 'க'க்களின் பெருக்கம். க² என்பது இரண்டின் பெருக்கம். முன்னையதைப் பின்னையதால் வகுத்தால், மேலும் கீழும் இரண்டிரண்டு நீங்க, மூன்று எஞ்சும், விடை க³. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தது இந்நீக்கத்தின் சுருக்கக் குறிப்பேயன்றி வேறொன்றன்று. க²ஐ க⁵ஆல் வகுத்தால் மூன்று 'க'க்கள் கீழே எஞ்சும். அதுவே க⁻³, அதாவது 1/க³. இவ்விரு கருத்துகளும் கைவந்தபின்,

(6க⁵/5ச²) ÷ (3க²/10ச³)

என்பது அச்சுறுத்தாது. இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்க 60க⁵ச³/15க²ச² ஆகும், சுருக்கினால் 4க³ச. கவும் சவும் பூச்சியமாகா என்பது மட்டுமே நிபந்தனை.

காரணம் அறியாதவன் இடறும் இடமும் ஒன்றுண்டு. (க² + 6)/க² என்பதில் மேலும் கீழும் உள்ள க²ஐ வெட்டிவிட்டு, விடை 6 என எழுதுவான். நீங்கக் கூடியவை பெருக்கத்தின் காரணிகளே, கூட்டலின் உறுப்புகளல்ல. ஐயமெனில் கவுக்கு 2ஐ இடுக: 10ஐ 4ஆல் வகுக்க இரண்டரை வருகின்றது, ஆறு வரவில்லை. ஆசிரியரின் சரிக்குறிக்குக் காத்திராமல், தன் விடையைத் தானே சோதிக்கும் வழி மாணவனிடம் உண்டு.

இவ்வழி மலையகத்துக்கு ஏன் முதன்மையானது? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும், அதன் பயன் லயங்களை முழுமையாக எட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களை அடுத்தே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின்வசம் வந்தன. அதுவரை பல தோட்டங்களில் ஓராசிரியர் சில வகுப்புகளை ஒருங்கே நடத்தினார். சுட்டிகளும் அட்சரகணிதமும் எட்டாத இடத்திலேயே பலரது கல்வி முடிந்தது. இன்றும் சாதாரண தரத்துக் கணிதத்தில் தவறுவோருக்கு முன்னே பல வாயில்கள் அடைபடுகின்றன.

எனினும் பரீட்சை மட்டுமே இங்கு பொருளன்று. கொழுந்தை நிறுத்தவரும் பிறர். சாக்கின் நிறையையும் ஈரத்தின் நிறையையும் கழித்தவரும் பிறர். பேரேட்டில் எழுதியவரும் பிறர். தலைமுறைகளாகக் கணக்கைக் கேட்டு மட்டுமே வந்த சமூகம் அது. அச்சமூகத்தின் பிள்ளை, ஒரு கோவையைச் சுருக்கி, எண்ணை இட்டுச் சரிபார்த்து, 'இது இவ்வாறே ஆகும். காரணம் இது' என உரைக்கும் வேளையில், பிறர் எழுதிய கணக்கையும் வினவும் தகுதியைப் பெறுகின்றது. மலையகத்துக்குக் கற்பிக்கச் செல்லும் பட்டதாரிகள் விதியோடு காரணத்தையும் கொண்டு செல்வார்களாக.