தள்ளுகட்டை

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், முக்கால் மீட்டர் நீளமுள்ள ரப்பர் மரச் சட்டம் ஒன்று என் இடது விலாவை உரசிக்கொண்டு போய் வீட்டு கேட்டில் மோதியது. கேட்டில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது.

ஈப்போ, புந்தோங்கில் எங்களுடையது வரிசை வீடு. காடி நிறுத்தும் இடம்தான் என் பட்டறை. வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் காடியைத் தெருவில் நிறுத்திவிட்டு டேபிள் சாவை வெளியே இழுப்பேன். ஸ்டூல், புத்தக அலமாரி, பாட்டிக்கு ஒரு சாமி மாடம் என்று மூன்று வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தும் இருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார்.

அப்பாவுக்கு எட்டு. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நிற்கின்றன. நான் பிறப்பதற்கு முன்பே அப்படித்தான். கட்டைவிரலையும் கடைசி இரண்டு விரல்களையும் வைத்துச் சோறு பிசைவார். சின்ன வயதில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

என்ன நடந்தது என்று அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ரம்பத்தின் பிளேட் 10 அங்குலம், நிமிடத்துக்கு 4,000 சுற்று. பல்லின் நுனி நொடிக்கு சுமார் 53 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 190 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110ஐத் தாண்டினாலே சம்மன் வரும்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்கும்போது மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேலே ஏறுகின்றன. மரம் கொஞ்சம் திரும்பி அந்தப் பின்பற்களில் பட்டால் போதும், தூக்கி நம் பக்கமே எறிந்துவிடும். கிக்பேக் என்பது இதுதான். ரப்பர் மரத்தில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அதன் கட்டைக்குள் இழுவிசையோடு வளர்ந்த நார்கள் நிறைய உண்டு. நீளவாக்கில் அறுக்கும்போது அந்த இறுக்கம் விடுபட்டு இரண்டு பாதியும் வளையும். சில சமயம் பிளேடைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வாமல் இருக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கிறது. என் ரம்பத்தில் அதுவும் மேலே மூடும் கார்டும் ஒரே அமைப்பு. முந்தைய வாரம் ஒரு பள்ளம் வெட்டுவதற்காகக் கழற்றியிருந்தேன். திரும்ப மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். மாட்டவில்லை.

தொழிற்சாலையில் நான் யார் தெரியுமா? மெஷினுக்குப் பூட்டுப் போட்டு, சாவி பையில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொட விடாதவன். வீட்டில் ஐந்து நிமிடச் சோம்பல்.

அன்று இரவுதான் அப்பா தன் விரல்களின் கதையை முழுசாகச் சொன்னார். நானும் அதுவரை கேட்டதில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர். தோட்டம் கைமாறி, லயம் காலியானதும் பலரைப் போல அவரும் மரச்சாமான் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே அறுத்ததும் ரப்பர் மரம்தான். பாட்டி பால் வெட்டிய மரத்தை அப்பா பலகையாக்கினார். பால் வற்றிய மரம் நேராகவும் நீளமாகவும் கிடைக்காது. அதனால் சின்னத் துண்டுகளின் முனைகளை விரல் விரலாகச் சீவி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, பசையிட்டு நீளப் பலகையாக்குவார்கள். அதற்குப் பெயரே ஃபிங்கர் ஜாயிண்ட். அப்பா வேலை செய்தது அந்தப் பிரிவில்தான்.

"மரத்துக்கு விரல் ஒட்ட மெஷின் வச்சிருந்தான். எனக்குத்தான் ஒட்ட முடியல" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

1994. பீஸ் கணக்குச் சம்பளம். ரம்பத்தின் கார்டு சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். போட்டால் வேலை மெதுவாகும், துண்டு மாட்டிக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். கழற்று என்று யாரும் உத்தரவு போடவில்லை. மாட்டு என்றும் யாரும் சொல்லவில்லை. "கை பழகிடுச்சு தம்பி. பழகின கைக்கு கார்டு இடைஞ்சல்" என்றார். இரவு ஷிஃப்ட் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, கட்டை முடிந்த இடத்தில் கை நிற்கவில்லை.

இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை மூடி வைக்க வேண்டும் என்ற விதி அப்போதும் இருந்தது. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டத்தின் கீழ் 1970லேயே வந்துவிட்டது. சுவரிலிருந்த ஆணியும் இருந்தது. பிறகு சொக்சோ பணம் வந்தது. அப்பா அதில் ஒரு பழைய மோட்டார் வாங்கினார்.

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி திடீரென்று சொன்னார்: "எங்க காலத்துல மரத்துக்கு ஒரு காயம் பட்டா கங்காணி பெரட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுவாரு. நம்ம கால்ல அட்டை கடிச்சா, பூரான் கடிச்சா, யாரு கேட்டா?"

பால் வெட்டும்போது கத்தி பட்டையோடு நின்றுவிட வேண்டும், உள்ளே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் வளரும் படலத்தைத் தொட்டால் மரத்தில் முண்டு விழும். அந்த இடத்தில் பிறகு நன்றாக வெட்ட முடியாது. வெட்டு எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதற்கும் ஓர் அச்சு உண்டு. தகரத்தில் வெட்டிய அச்சை மரத்தில் வைத்துக் கோடு கிழித்த பிறகுதான் புது மரத்தில் கத்தி வைப்பார்கள். பாட்டி அதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். எனக்குப் புரிய கொஞ்ச நேரமானது. அது ஒரு ஜிக். நான் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே விஷயம்: எல்லாக் கையும் ஒரே மாதிரி வெட்டுவதற்கு ஓர் அச்சு.

1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ஹென்றி ரிட்லி செய்த ஆராய்ச்சியும் இதைப் பற்றித்தான்: மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்ப எப்படிப் பால் எடுப்பது. 25, 30 வருடம் பால் தந்த பிறகு வெட்டப்படும் மரம் முன்பெல்லாம் விறகுக்குத்தான் போனது. அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்டபின் 1980களில் அது மரச்சாமான் ஆனது. மரத்தின் பட்டைக்குக் காவல், கட்டைக்குக் காவல். இவ்வளவையும் யோசித்துச் செய்தவர்கள் இருந்த இதே தொழிலில்தான் அப்பாவின் கைக்கான காவல் ஆணியில் தொங்கியது. அந்த மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

என்னிடம் கங்காணி இல்லை, பீஸ் கணக்கு இல்லை. பொழுதுபோக்குக்கு மரம் அறுப்பவனுக்கு அவசரம் என்று ஒன்றே கிடையாது. பிறகு நான் எதற்காகக் கார்டைக் கழற்றி வைத்தேன்? அப்பா சொன்ன அதே காரணம்தான். கை பழகிவிட்டது.

அதன் பிறகு ஒரு மாதம் ஒரு சாமானும் செய்யவில்லை. ஜிக் மட்டும் செய்தேன். தகட்டையும் கார்டையும் முதலில் மாட்டினேன். குறுக்கே அறுக்க ஒரு தள்ளுபலகை செய்தேன். அதில் மரத்தை வைத்துத் தள்ளினால் அது திரும்பாது, பக்கச் சட்டத்துக்கும் பிளேடுக்கும் இடையில் சிக்காது. நீளவாக்கில் அறுக்கும்போது மரத்தைச் சட்டத்தோடு அணைத்துப் பிடிக்க, சீப்பு மாதிரிப் பல் வெட்டிய பலகை ஒன்று. மேசையில் ஒரு மஞ்சள் கோடு: ரம்பம் ஓடும்போது அதைத் தாண்டிக் கை போகாது. நிற்பது பிளேடுக்கு நேராக அல்ல, ஓரமாக. கையுறை போடுவதில்லை, துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். மரத்தூள் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் முகமூடி உண்டு. பாட்டி கட்டிவிட்ட சிவப்புக் கயிறு கூட ஆணிக்குப் போனது. பாட்டிக்கு வருத்தம். "சாமி கயிறுதான். மெஷினுக்குத் தெரியாதே பாட்டி" என்றேன்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்த ரம்பம் உண்டு. விரல் பட்டதும் பிளேடில் ஓடும் மின் சமிக்ஞை மாறும். ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வி 5 மில்லி நொடியில் நிறுத்திவிடும். என் வசதிக்கு அது எட்டாது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் எண்ணம் பிடித்திருந்தது: மனிதன் தவறுவான் என்று முன்பே ஒப்புக்கொண்ட மெஷின் அது. என் வசதிக்கு எட்டியது பிளைவுட்.

கடைசியாகச் செய்தது தள்ளுகட்டை. மரத்தின் கடைசிப் பகுதியைக் கைக்குப் பதில் தள்ளும் கட்டை. ஷூ மாதிரி உருவம், பின்னால் ஒரு குதிகால், மேலே பிடி. பெயர் வைத்தது அப்பா. கையில் எடுத்துப் பார்த்தார். பிடி நழுவியது. நான்கு விரலுக்கு அளந்து செய்திருந்தேன்.

மறுநாள் இன்னொன்று செய்தேன். களிமண்ணை அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லி, அந்த அச்சைப் பார்த்துப் பிடியைச் சீவினேன். கட்டைவிரலுக்கு ஒரு குழி, கடைசி இரண்டு விரலுக்கு வளைவு, பாதி விரல்கள் ஊன்ற ஒரு மேடு. மூன்று முறை தேய்த்தேன். நான்காவது முறை அப்பா தலையாட்டினார்.

"ஒரு தடவ நான் தள்ளட்டுமா?" என்று கேட்டார்.

1994க்குப் பிறகு அவர் ரம்பத்தைத் தொட்டதில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பிளேடின் உயரத்தைச் சரிபார்த்தேன், கார்டை இறக்கினேன், சீப்புப் பலகையை இறுக்கினேன். அப்பா ஓரமாக நின்று சுவிட்சைப் போட்டார். மெதுவாகத் தள்ளினார். சட்டம் முழுசாக அந்தப் பக்கம் போனது. சுவிட்சை அணைத்து, பிளேட் முழுசாக நிற்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு தள்ளுகட்டையை ஆணியில் மாட்டினார்.

"நேரா வந்திருக்கா பாரு" என்றார்.

அளந்தேன். ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. சொன்னேன்.

"கட்டையில குத்தமில்ல. உன் சட்டத்த சரி பண்ணு" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்.