வடிகட்டியும் என் கையும்

சென்ற கோடையில் மூன்று மாதங்கள் ரொறன்ரோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். வரவேற்பறையில் 75 லீற்றர் கொள்ளும் ஓர் உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தான். இரண்டு கோமாளி மீன்கள், சில துறவி நண்டுகள், பாறைகளின்மேல் மென்முருகைகள். அவன் வேலைக்குப் போனபின் வீட்டில் எனக்குத் துணை இவைதாம்.

ஆறாவது வாரத்தில் தொட்டியின் கோலம் மாறிற்று. கண்ணாடியில் பாசி படர்ந்தது. மணலின்மேல் செம்பழுப்பாக வழுவழுத்த படலம் ஒன்று படிந்தது. விரிந்து நிற்கும் முருகைகள் பகலிலும் சுருங்கிக் கிடந்தன. 1998 இல் கடல்நீர் வெப்பமேறி ஹிக்கடுவையில் முருகைகள் வெளிறி மடிந்தபோது அதைப்பற்றி எழுதியவன் நான். இது சிறு தொட்டிதான். ஆயினும் மனம் பதைத்தது.

மகன் நீரைச் சோதித்தான். லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் நின்ற நைத்திரேற்று 40 ஐத் தொட்டிருந்தது.

"இந்த வடிகட்டியாலை இனி ஏலாது அப்பா. பெரிசா ஒண்டு வாங்குவம்" என்றான். அவன் காட்டிய கருவிகளின் விலை சில நூறு டொலர்.

"பொறு தம்பி" என்றேன். காரணத்தை விசாரியாமல் தீர்வை எழுதக்கூடாது என்பது பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் சிதைந்து அமோனியா உண்டாகிறது. பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதன்று. ஆனால் பாசிக்கு உரம். தொட்டியின் பின்புறம் தொங்கிய வடிகட்டி இம்மாற்றத்துக்கு உதவுமே தவிர, நைத்திரேற்றை வெளியேற்றாது. பெரிய கனிஸ்டர் வடிகட்டியும் அப்படியே. அதனுள் சிக்கும் அழுக்கைக் கழுவாது விட்டால் அதுவே நைத்திரேற்றின் ஊற்றாகிவிடும். புரோட்டீன் ஸ்கிம்மர் வேறு வகை. நுண்குமிழ்களால் கழிவை நுரையாக்கி, அது சிதையுமுன்பே பிரித்தெடுத்துவிடும். பணம் செலவழிப்பதாயின் அதற்கே செலவழிக்கலாம்.

ஆனால், இதே மீன்களோடும் இதே வடிகட்டியோடும் ஒரு வருடமாக நீர் நன்றாக இருந்ததே! இந்த ஆறு வாரங்களில் மாறியது என்ன?

மாறியது ஒன்றுதான். நான் வந்திருந்தேன்.

மகன் காலையில் ஒரு சிட்டிகை உணவு போட்டுவிட்டுப் போவான். பத்து மணிக்கு நான் கண்ணாடியருகே போனால் இரண்டு மீன்களும் ஓடிவந்து வாய் பிளக்கும். பாவம், பசிக்கிறதாக்கும் என்று ஒரு சிட்டிகை போடுவேன். மதியம் நான் உண்ணுமுன் இன்னொன்று. மாலையில் தேநீரோடு மற்றொன்று. ஆள் நிழல் கண்டால் உணவு விழும் என்று அவை பழகிவிட்டன. அதை நான் பசி என்று எண்ணினேன்.

அன்றிரவு இதைச் சொல்ல வாய் வரவில்லை. பிறர் பிழையைத் தலைப்பிலும் எங்கள் பிழையை உள்பக்க மூலையிலும் அச்சிட்டுப் பழகிய தொழிலல்லவா! மறுநாட் காலை, மகன் கருவியை வாங்கக் கணினியைத் திறந்தபோதுதான் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "என்னட்டைக் கேட்டிருக்கலாமே அப்பா" என்றான். அது கோபத்திலும் கூடுதலாகச் சுட்டது.

நான்கு வாரம் பொறுப்பதென்று முடிவு செய்தோம். உணவு நாளுக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். வடிகட்டியின் பஞ்சை வாரந்தோறும், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது. வாரந்தோறும் 15 வீதம் நீரை மாற்றுவது. கணக்கும் போட்டுப் பார்த்தேன்: புதிதாக எதுவும் சேராவிட்டால் 40 முதல் வாரம் 34 ஆகும், நான்காம் வாரம் 21 ஆகும். முருகைகளுக்கும் சிறிதளவு சத்து வேண்டும். ஆகவே பூச்சியம் எங்கள் இலக்கன்று.

நான்காம் வார முடிவில் சோதனைக் குழாயின் நிறம் 20 ஐ அண்டி நின்றது. மணற்படலம் மெலிந்தது. முருகைகள் மெல்ல விரிந்தன. வடிகட்டியை மாற்றுவதில்லை, மூன்றாவது மீன் வாங்குவதுமில்லை என்று தீர்மானித்தோம். மூன்றாவது மீன் வருமானால் அதற்கு முன் ஸ்கிம்மர் வரும்.

புறப்படும் நாளில் தொட்டியருகே போனேன். இரண்டும் ஓடிவந்து வாய் பிளந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்து நின்றேன்.