கேப் டவுனின் இரு காற்றுகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடியில் கேப் டவுன் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அதன் முன்னே மேசை விரிகுடா. பின்னே ஏறத்தாழ 1,086 மீட்டர் உயர்ந்த மேசை மலை. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருப்பதால், அந்நகரில் டிசம்பரும் ஜனவரியும் வேனிற்காலம். ஜூனும் ஜூலையும் குளிர்காலம். மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்யும். இவ்விரு பருவங்களையும் இரு காற்றுகள் ஆள்கின்றன.

வேனிலில், அட்லாண்டிக் கடல்மீதுள்ள உயர் அழுத்த மண்டலம் தெற்கே நகர்ந்து, மழை கொணரும் புயல்களைக் கரை சேரவிடாமல் விலக்கிவிடுகிறது. அப்போது தென்கிழக்குக் காற்று வலிமையுடன் வீசும். கடலின் ஈரத்தைச் சுமந்து மலைமீது ஏறுங்கால், அது குளிர்ந்து வெண்மேகமாகி, மேசைமேல் விரித்த துணிபோல உச்சியை மூடும். மறுபுறம் இறங்குங்கால் வெப்பமடைய, மேகம் கரைந்து மறையும். நகரின் புழுதியையும் தீய நாற்றத்தையும் அடித்துச் செல்வதால், மக்கள் இக்காற்றைக் 'கேப் மருத்துவர்' என்று அழைத்தனர். ஆயினும், மலைச்சரிவில் தீப்பற்றினால் அம்மருத்துவரே அதனை ஊதி வளர்ப்பதும் உண்டு.

குளிர்காலத்தில் உயர் அழுத்த மண்டலம் வடக்கே ஒதுங்க, வடமேற்குக் காற்று மழையோடு வருகிறது. மேசை விரிகுடா அத்திசை நோக்கித் திறந்திருப்பதால், பாய்மரக் கப்பல்கள் பல அங்கே நங்கூரம் அறுந்து கரையில் மோதி அழிந்தன. 1773ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று 'யோங்கே தோமாஸ்' என்னும் டச்சுக் கப்பல் அவ்வாறு உடைந்தது. வோல்ராட் வோல்டமாடே என்னும் முதியவர் தம் குதிரையுடன் கடலில் பாய்ந்தார். முறைக்கு இருவராக, ஏழு முறை சென்று 14 பேரைக் கரை சேர்த்தார். எட்டாம் முறை, உயிர் பிழைக்கும் வேட்கையால் பலர் ஒருங்கே குதிரையைப் பற்றினர். அவரும் குதிரையும் அலைகளுள் மூழ்கினர். 1860இல் அலைதடுப்புச் சுவர் கட்டும் பணி தொடங்கியது. அதன் பின்னரே துறைமுகம் படிப்படியாகக் காவல் பெற்றது.

இத்தகைய கொடுங்காற்று வாராதிருப்பின் நன்றன்றோ என்று சிலர் கருதலாம். 2015 முதல் 2017 வரை அது கொணரும் மழை குறைந்தது. அணைகளில் நீர் வற்றியது. 2018 பிப்ரவரியில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் நீரே என்று மாநகராட்சி வரையறுத்தது. குழாய்கள் அடைபடும் நாளை எண்ணி மக்கள் கலங்கினர். மக்களின் சிக்கனத்தாலும் அவ்வாண்டுக் குளிர்கால மழையாலும் அந்நாள் வாராது ஒழிந்தது. முன்னோர் கண்டு நடுங்கிய வடமேற்குத் திசையைப் பின்னோர் ஏக்கத்தோடு நோக்கினர்.

காற்றுக்கு நட்பும் இல்லை, பகையும் இல்லை. அதன் பருவம் அறிந்து, காக்க வேண்டிய இடத்தைக் காத்து, நீரைச் சேர்க்க வேண்டிய காலத்தில் சேர்த்து வாழ்வதே மாந்தர் கடனாகும்.