புறமுதுகு

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்குப் படை திரட்டுவது சிரமமான காரியம் அல்ல. "பதினாயிரம் வேல் வீரர்கள் கடல்போல் திரண்டு வந்தார்கள்" என்று எழுத அரை நிமிஷம்கூட ஆகாது. அவர்களுக்குச் சோறு போட வேண்டாம். சம்பளம் கொடுக்க வேண்டாம். அடுத்த அத்தியாயத்தில் அவர்களில் பாதிப் பேரை மாளச் செய்வதற்கும் அதே அரை நிமிஷந்தான்.

இப்படிச் சௌகரியமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம், சென்ற கோடை விடுமுறையில், ஒருவன் உண்மையாகவே படை கேட்டான். அவனுக்கு வயது பன்னிரண்டு. இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் இருக்கும் என் தமக்கையின் பேரன்.

"தாத்தா, எனக்கு அம்பது ஆளு வேணும். இருபத்தஞ்சு புலித்தேவர் ஆளு, இருபத்தஞ்சு கும்பினி ஆளு. வாசுதேவநல்லூர்க் கோட்டைச் சண்டை போடணும்" என்றான்.

மேஜைமேல் கோட்டையும் வயலும் அமைத்து, சிறு பொம்மைகளை அணிவகுத்து, அடிக்கோலால் அளந்து நகர்த்தி, சுட்ட குண்டு பட்டதா இல்லையா என்பதற்குப் பகடை உருட்டிப் பார்க்கும் விளையாட்டு அது. சதுரங்கப் பலகையில் யானையையும் குதிரையையும் ஓட்டிய நாட்டாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி 1824-இல் இதை ராணுவப் பயிற்சிக்கே ஏற்றதாக்கினார். 1913-இல் எச். ஜி. வெல்ஸ், நம்மைப்போல் ஒரு நாவலாசிரியர், ஈயச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி விளையாடியதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மெய்யான யுத்தம் எவ்வளவு மூடத்தனம் என்பதை இந்தக் குட்டி யுத்தம் ஆடினால் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர் கட்சி. மறு வருஷமே உலக மகா யுத்தம் வந்துவிட்டது.

ஈயத்துக்கு வசதி இல்லாதவர்களுக்குக் காகிதம் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே காகிதச் சிப்பாய்களை அச்சிட்டு விற்றார்கள். நம் காலத்தில் பீட்டர் டென்னிஸ் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர், வீரர் வரிசைகளைக் கையால் தீட்டிப் புத்தகமாக வெளியிட்டிருக்கிறார். வாங்குகிறவர்கள் வேண்டிய மட்டும் நகல் எடுத்து வெட்டிக்கொள்ளலாம்.

நானும் அந்த யுக்தியைத்தான் சொன்னேன். "ஐந்து பேரை வரைகிறேன். மற்றதை இராஜபாளையத்தில் நகல் எடுத்துக்கொள்ளலாம்."

"போங்க தாத்தா, எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கும்."

கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது அவருக்குச் சித்திரம் போட மணியம் இருந்தார். எனக்கு நானே மணியமாக வேண்டியதாயிற்று. தமக்கை வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. நல்ல கெட்டி அட்டை. அச்சு உட்பக்கம் போகும்படி மடித்தால் வெளிப்பக்கம் வெள்ளையாக நிற்கும். அந்த வீரர்களின் வயிற்றுக்குள்ளே யார் யாருடைய முகூர்த்தமோ இருக்கிறது.

முதல் வீரனை வெகு உற்சாகமாக வரைந்தேன். பட்டு அங்கி, மார்பில் பதக்கம், முறுக்கு மீசை. பையன் பார்த்துவிட்டு, "இது சினிமா ஆளு" என்று தள்ளிவிட்டான். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்த்து வளர்ந்த கண் என்னுடையது. வேறு எப்படி வரையும்? அப்புறந்தான் இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் ஞாபகம் வந்தது. சேதுபதிக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த போரை அந்த அரண்மனைச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிவைத்திருக்கிறார்கள். புலித்தேவர் காலத்துக்கு அதைவிடக் கிட்டிய சாட்சி வேறு எங்கே தேடுவது? அந்தப் படங்களை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

ஈட்டியில் அடுத்த தகராறு வந்தது. தென்சீமை வீரர்களின் ஈட்டி 18 அடி நீளம் என்று கும்பினியின் சரித்திரகாரர் ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். எங்கள் வீரன் உயரம் 28 மில்லிமீட்டர். அந்தக் கணக்குக்கு ஈட்டி ஒன்பது சென்டிமீட்டர், அதாவது அவனைப்போல் மூன்று பங்கு! காகிதத்தில் வெட்டினால் துவண்டு விழுந்தது. "கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே" என்றேன். பையன் பதில் பேசாமல் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தான். நிமிர்ந்து நின்றது.

நடுவில், படையோடு ஒரு நாயும் வேண்டும் என்றான். இராஜபாளையத்து நாய் வரைவது போல் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. காகிதமே வெள்ளை, மூக்குக்கு மட்டும் கொஞ்சம் ரோஜா நிறம் வைத்தால் போதும்.

ஆனால் உண்மையான கஷ்டம் இனிமேல்தான் இருந்தது. காகித வீரனுக்கு முன்புறமும் வேண்டும், பின்புறமும் வேண்டும். இரண்டு உருவங்களையும் தலையோடு தலை சேர்த்து வரைந்து, தலை உச்சியில் மடித்து ஒட்டி, ஒரே வெட்டாகக் கத்தரிக்க வேண்டும். முன்னே வலக்கையில் இருக்கும் ஈட்டி பின்னேயும் வலக்கையிலேயே இருக்க வேண்டும். ஓரங்கள் மயிரிழை பிசகக் கூடாது. முன்புறத்தை வரைந்துவிட்டுப் பின்புறத்துக்கு வந்தேன். கை நின்றுவிட்டது.

வீரனின் முதுகு எப்படி இருக்கும்?

முப்பது வருஷமாக வீரர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒருவன் முதுகையாவது நான் பார்த்ததில்லை. நம் இலக்கியத்தில் வீரன் புறமுதுகு காட்டுவதில்லை. முதுகில் புண்பட்டால் வடக்கிருந்து உயிரை விட்டுவிடுகிறான். விலாசத்துச் சுவரிலும் பெரும்பாலும் பக்கவாட்டு முகங்கள். ஆகவே விடியற்காலையில் எழுந்து சோழபுரத்துத் தெருவில், திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். வேலைக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்கள் முதுகைப் பார்த்து வரைந்தேன். சுமை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் சரிந்த தோள். வேட்டி மடிப்பில் செருகிய சுருக்குப்பை. வேர்வையில் உப்புப் பூத்த தோள்பட்டை. முகம் ஆயிரம் பொய் சொல்லும். முதுகுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

புலித்தேவர் ஆட்கள் இருபத்தைந்து பேர் முடிந்தார்கள். கும்பினிச் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை, தொடையளவு கால்சட்டை, தலைப்பாகை. அதற்குள் இருந்தவர்களும் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள்தாம். அவர்களுக்கு மட்டும் வேறு முதுகுக்கு எங்கே போவேன்? அதே தெருவில் பார்த்த முதுகுகளின்மேல் சிவப்பு வர்ணம் பூசினேன். ஐம்பது பேரையும் முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் நாள் போர். செம்மண்ணைக் குழைத்து முற்றத்தில் கோட்டை கட்டியிருந்தான். யூசுப்கான் பீரங்கிகளோடு முற்றுகையிட்டும் வாசுதேவநல்லூர்க் கோட்டை விழாமல் நின்றது ஒரு தடவை. பிறகு 1761-இல் நெற்கட்டும்செவலோடு சேர்ந்து அதுவும் வீழ்ந்தது. எங்கள் ஆட்டம் விழாமல் நின்ற தடவையைப் பற்றியது. நான் கும்பினி. பையன் புலித்தேவர். பகடை அவன் பக்கம் இருந்தது. என் சிப்பாய்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

திடீரென்று, விழுந்த ஒரு சிப்பாயை அவன் கையில் எடுத்தான். குப்புற விழுந்திருந்ததால் முதுகு தெரிந்தது. சரிந்த தோள்.

"தாத்தா, இது நம்ம தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வர்ற மாமா இல்ல?"

"ஆமாம். அவர் முதுகைப் பார்த்துத்தான் போட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தச் சிப்பாயை எழுப்பிப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டு, மறுபடி பகடையை உருட்டினான். அந்தத் தடவை குண்டு படவில்லை.

"இது அழுகுணி ஆட்டம்" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான்.

சாயங்காலம் தமக்கை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வந்த அட்டைப் பெட்டிகள் இரண்டை, படைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்து அடுக்கும்போது யூசுப்கானிடம் வந்து நின்றுவிட்டோம். பாளையக்காரர்களை அடக்கியவர், பின்பு அதே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றவர், 1764 அக்டோபர் 15 அன்று அவர்களாலேயே தூக்கிலிடப்பட்டவர்.

"அப்ப இவரு எந்தப் பெட்டி?" என்றான் பையன்.

எனக்குத் தெரியவில்லை. அவனே யோசித்து, எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினான். நாய்க்கு மற்றதைக் கொடுத்தான்.

ஊர் திரும்பியதும் பாதியில் விட்டிருந்த நாவலை எடுத்தேன். அந்தப் பதினாயிரம் வீரர்களும் ஆற்றங்கரையில் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒன்பது நாளைக்கு ஐம்பது பேர் என்றால் பதினாயிரம் பேருக்கு ஆயிரத்து எண்ணூறு நாள். ஏறக்குறைய ஐந்து வருஷம். அவர்களைக் கொல்லும் வாக்கியத்தை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். இப்போதைக்கு, ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதால் இரு படைகளும் கரையிலேயே தங்கிவிட்டன என்று அத்தியாயத்தை முடித்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்ளக்கூடும். இருக்கட்டும்.