நாகநதிக்குச் செய்த வைத்தியம் வீட்டு மனைக்கும் பொருந்தும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் பாகாயத்தைத் தாண்டிப் போனால் கணியம்பாடி. மேற்கே ஜவ்வாது மலை. நகரம் நீள நீள, வயலுக்குப் பக்கத்திலேயே மனைக்கல் முளைக்கும் பகுதி இது. மனை வந்தால் வீட்டுக்கு ஒரு போர்வெல் வரும். ஆனால் கீழே இருப்பது பாறை. அதன் வெடிப்பிலும் மேல்மண்ணிலும் தேங்குவதுதான் நம் கையிருப்பு. மழைநீரை உள்ளே விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால், எத்தனை அடி போட்டாலும் காற்றுதான் வரும்.

இந்தப் பாடத்தைக் கற்றுத் தருவது நாகநதி. ஜவ்வாது மலையில் பிறந்து, கணியம்பாடி வட்டாரம் வழியாக ஆரணி பக்கம் போய்ச் செய்யாற்றில் சேரும் இந்த ஆறு பல ஆண்டுகள் மணலாகக் கிடந்தது. வாழும் கலை அமைப்பின் வழிகாட்டலில், 100 நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கி வேலை செய்தார்கள். மலைச்சரிவு ஓடைகளில் கல் தடுப்பு, கீழே தடுப்பணை, ஓடைப் படுகையில் சிமெண்ட் உறை இறக்கிய செறிவூட்டும் கிணறு. இந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. வெள்ளத்தைப் பூமிக்குள் இறக்குவதே இதன் வேலை. 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மனதின் குரல்' உரையிலும் இந்தப் பெண்களின் உழைப்பு இடம்பெற்றது.

"பையனுக்கு டவுனில் வீடு கட்டுகிறோம். சின்ன மனையில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கும் இதே வைத்தியம்தான். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு 900 மி.மீ. மழை பெய்தால், சுமார் 83,000 லிட்டர் விழும். சேதாரம் போக 65,000 லிட்டராவது கைக்கு வரும்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனால் வண்டல் அடைத்த குழி இருந்தும் பயனில்லை. மாடித் தண்ணீர் முதலில் ஒரு சிறு வண்டல் தொட்டியில் விழட்டும். தெளிந்தது மட்டும் உறைக்குழிக்குப் போகட்டும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் ஆடி முடிவதற்குள் தொட்டியைத் தூர்வாருங்கள். கழிவறைத் தொட்டிக்கு அருகில் குழி வேண்டாம். குளியலறைத் தண்ணீரையும் குழிக்குள் விடாமல் வாழை, கல்வாழை, சேம்புக்குத் திருப்புங்கள்.

மரம் வைக்கும்போது நம் மண்ணின் மரமாகப் பாருங்கள். சிறிய மனைக்கு முருங்கை, கறிவேப்பிலை, வேலியோரம் நொச்சி, ஆடாதொடை போதும். இடம் தாராளமாக இருந்தால் புங்கன், மகிழம், நாவல். வேரூன்றிவிட்டால் தினசரித் தண்ணீர் கேட்காதவை இவை. உதிரும் இலையை எரிக்காமல் அடியிலேயே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏரிக்குப் போகும் வாய்க்காலை மூடிவிட்டு, வீட்டுக்குள் குழி தோண்டிப் பயனில்லை. மனை வாங்கும் முன் புலப்படத்தைப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம், "மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். அந்த வழியை விட்டுவிட்டு வீடு கட்டினால், அவர் கிணறும் உங்கள் போர்வெல்லும் சேர்ந்தே பிழைக்கும்.