செம்பட்டி முக்கில் ஒரு கேள்வி: டர்போ காருக்கு ஆயில் கூலர் தேவையா?

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் வந்தால் செம்பட்டி. ஊர் சிறியதுதான். ஆனால், இங்கே பிரியும் சாலைகள் பெரியவை. நேரே போனால் வத்தலக்குண்டு, அங்கிருந்து தேனி, கொடைக்கானல். வலது பக்கம் திரும்பினால் கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. இடது பக்கம் நிலக்கோட்டை வழியாக மதுரை. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, கோடை விடுமுறையில் கொடைக்கானல் கார்கள் என, வருடம் முழுக்க இந்த முக்கில் யாராவது வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் வந்தால் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். டீக்கடை ஓரமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே தலையை விட்டபடி ஓர் இளைஞர்.

"ஏப்பா, வண்டி சூடாயிருச்சா? ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணுமா?" என்பார் பக்கத்தில் நிற்கும் பெரியவர்.

"தண்ணியெல்லாம் சரியா இருக்குங்கய்யா. ஆயில்தான் சூடாகுது. ஒரு ஆயில் கூலர் மாட்டலாமானு யோசிக்கிறேன்."

பெரியவருக்குப் புரியாது. ஆயிலுக்கும் ரேடியேட்டரா?

ஆமாம். ஆனால், அது எல்லா வண்டிக்கும் வேண்டுமா என்பதற்கு இந்த முக்கிலேயே விடை இருக்கிறது.

தண்ணீர் முள் சொல்லாத சூடு

ஒரு காலத்தில் டர்போ என்றால் டீசல் வண்டிதான். இன்று சின்ன பெட்ரோல் கார்களிலும் டர்போ வந்துவிட்டது. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-ல் இந்தியாவுக்கு வந்தபோது 1.2 லிட்டர் இன்ஜினிலிருந்து 105 குதிரைத்திறன் எடுத்தது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் தயாராகி 2021-ல் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், வெறும் 1 லிட்டர் இன்ஜினில் 120 குதிரைத்திறன் கொடுத்தது.

சின்ன இன்ஜினில் இவ்வளவு சக்தி எப்படி? வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றுகிறது. அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அந்தக் காற்றாடி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தொடும் புகையின் வெப்பம் 800, 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தத் தண்டு தேயாமல் சுற்றுவதற்குக் காரணம், அதைச் சூழ்ந்து ஓடும் மெல்லிய ஆயில் படலம்தான். அதாவது, டர்போ காரில் ஆயிலுக்கு இரட்டை வேலை. வழுவழுப்பும் தர வேண்டும், சூட்டையும் சுமந்து வர வேண்டும்.

90 முதல் 110 டிகிரி வரை ஆயில் நிம்மதியாக வேலை செய்யும். 130-ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் கவனிக்க வேண்டும். ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் குறையும். வடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கறுப்பதுபோல இதுவும் கெடும். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு முள் காட்டுவது தண்ணீரின் சூட்டைத்தான். அது நடுவிலேயே நிற்கும். ஆயில் எங்கோ ஏறிக்கொண்டிருக்கும்.

டீ ஆற்றுவதுபோல ஒரு வேலை

ஆயில் கூலர் என்பது என்ன? செம்பட்டி டீ மாஸ்டர் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. டீயை உயரத்திலிருந்து ஆற்றும்போது அதன் பரப்பு விரிகிறது, காற்று படுகிறது, சூடு தணிகிறது. ஆயில் கூலரிலும் மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள் ஆயில் ஓட, தகடுகளுக்கு இடையே காற்று புகுந்து சூட்டை எடுத்துப் போகிறது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கின் முன்பக்கம் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுவும் ஆயில் கூலர்தான்.

பல டர்போ கார்களில் கம்பெனியே வேறொரு வழி வைத்திருக்கிறது. ஆயில் ஃபில்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு பக்கம் ஆயில், இன்னொரு பக்கம் ரேடியேட்டர் தண்ணீர். சூடான டம்ளரைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைப்பதுபோல. அன்றாட ஓட்டத்துக்கு இது போதும். ரீமேப் செய்து சக்தியைக் கூட்டியவர்கள், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள்தான் வெளியே தனியாக ஒரு கூலர் தேடுகிறார்கள்.

நேரே போகும் ரோடு: கொடைக்கானல்

செம்பட்டியிலிருந்து நேரே போவோம். வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு. 'காட் ரோடு' என்ற ஆங்கிலமே அந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது. அங்கே தொடங்குகிறது மலைப்பாதை. டம்டம் பாறையில் நின்றால் எலிவால் அருவி தெரியும். பிறகு ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம்.

இந்த ஏற்றம் இன்ஜினுக்குச் சோதனைதான். குறைந்த கியர், முழுக் குடும்பம், நிறைய லக்கேஜ். வண்டியின் வேகம் 30, 40-ஐத் தாண்டாது. மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குறைவை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

அப்படியானால் ஆயில் கூலர் மாட்டியே ஆக வேண்டுமா? அவசரம் வேண்டாம். கூலருக்கு உயிர் காற்று. மெதுவாக ஏறும் காரில் காற்றோட்டம் குறைவு. விடுமுறை நாளில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நெரிசலில் நின்றுவிட்டால், பம்பர் ஓரத்தில் மாட்டிய கூலருக்குக் கிட்டத்தட்ட வேலையே இல்லை. ரேடியேட்டர் ஃபேனுக்கு முன்னால் மாட்டியிருந்தால் கொஞ்சம் காற்று கிடைக்கும். ஆனால், அப்போது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அதுவே மறிக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மார்கழி இரவில் கொடைக்கானலில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கும்போது, தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் மாட்டிய காரில் ஆயில் சரியாகச் சூடேறாது. சூடேறாத ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கும். இன்ஜின் சூட்டினால் மட்டும் தேய்வதில்லை, குளிராலும் தேயும்.

கம்பெனி அமைப்பிலேயே இருக்கும் கார் கொடைக்கானல் போக, சரியான கிரேடு சிந்தெடிக் ஆயிலும், சுத்தமான ரேடியேட்டரும், நிதானமான காலும் போதும். ஏறி முடித்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் டர்போவின் சூடு தணியும். அதற்குச் செலவே இல்லை.

வலது பக்கம் திரும்பும் ரோடு: கோவை

இப்போது அதே முக்கில் வலது பக்கம் திரும்புவோம். ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போகும் இந்த வழியில், கோவையை நெருங்கும்போது செட்டிபாளையம் இருக்கிறது. அங்கேதான் கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான எஸ்.கரிவர்தனின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் டிராக்.

டிராக்கில் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து அதிகம் எழாது. முழு வேகம், திடீர் பிரேக், மறுபடி முழு வேகம். 15, 20 நிமிடம் இப்படி ஓடினால் ஆயில் வெப்பம் விறுவிறுவென ஏறும். கூடவே நல்ல காற்றோட்டமும் இருக்கும். சூடும் உண்டு, காற்றும் உண்டு. ஆயில் கூலருக்கு ஏற்ற இடம் இதுதான்.

ஆக, செம்பட்டி இளைஞரின் கேள்விக்கு விடை, அவர் எந்த ரோட்டில் அதிகம் போகிறார் என்பதில் இருக்கிறது. முதலில் ஆயில் வெப்பம் காட்டும் ஒரு மீட்டர் பொருத்தட்டும். ஒரு மாதம் பார்க்கட்டும். முள் 110-ஐத் தாண்டவே இல்லை என்றால் காசு மிச்சம்.

மாட்டினால், இப்படி மாட்டுங்கள்

மீட்டர் பார்த்து, தேவை என்று உறுதியான பிறகு மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு சாண்ட்விச் பிளேட் வரும். இரண்டு ஹோஸ்கள் அதிலிருந்துதான் கூலருக்குப் போகும். சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டையே வாங்குங்கள். பிளேட்டின் இழையும் ஓ-ரிங் அளவும் உங்கள் காருக்கானதா என்று மாட்டும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூலரின் வாய் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கும். பிராக்கெட்டில் ரப்பர் வைத்தால் அதிர்வில் விரிசல் விடாது. முன்னால் ஒரு வலை இருந்தால் கல் படாது.

ஹோஸ் எங்கும் உரசக் கூடாது. சைலன்ஸர் குழாய் பக்கம் போகவே கூடாது. உள்ளே ஓடும் ஆயிலின் அழுத்தம் 4, 5 பார் இருக்கும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு ஃபிட்டிங் கழன்றால், மொத்தம் இருக்கும் நான்கு லிட்டர் ஆயிலும் ஓரிரு நிமிடத்தில் ரோட்டில் கிடக்கும். இன்ஜின் போவது ஒரு பக்கம். கொண்டை ஊசி வளைவில் சிந்திய ஆயில், பின்னால் டூவீலரில் வரும் யாரோ ஒருவரின் உயிரோடு விளையாடும். எனவே, இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

மாட்டியதும் கூலருக்கும் ஹோஸுக்கும் சேர்த்துக் கூடுதல் ஆயில் ஊற்ற வேண்டும். இன்ஜினைச் சூடேற்றி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா ஃபிட்டிங்கையும் மறுபடி பார்ப்பது நல்லது. வாரன்டி இருக்கும் கார் என்றால், மாட்டும் முன்பே சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

இறங்கும்போது?

மலையில் ஏறும்போது ஆயிலைப் பற்றிக் கவலைப்படும் பலர், இறங்கும்போது பிரேக்கை மறந்துவிடுகிறார்கள். இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு, ஆயில் தானாகக் குளிரும். ஆனால், பிரேக் காலை எடுக்காமல் இறங்கினால் பேடும் டிஸ்க்கும் பழுத்துவிடும். அந்த நேரத்தில் எந்த ஆயில் கூலரும் துணைக்கு வராது. எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். கூலருக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தைப் புது பிரேக் ஆயிலுக்கும் பேடுக்கும் செலவழித்தால் இன்னும் நல்லது.

கொடைக்கானல் போக இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறை. கிளம்பும் முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். செம்பட்டியில் டீக்கு நிறுத்தும்போது பானெட்டைத் திறந்து ஆயில் அளவை ஒரு தடவை பாருங்கள். முன்னால் மலை தெரியும். டீ ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும்.