முள்ளுக்கு மேல் ஒரு சாண்

காலை ஒன்பதரை மணி. காரைக்குடி. கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. வாசலில் தேங்காய்நார்க் கயிறு, நைலான் கயிறு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கொசுவலை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் தூண்டில் நரம்பு ரோல்கள். வெள்ளை, பச்சை, நீலம், கருப்பு. பெட்டிமேல் ஓர் அட்டை: பட்டத்துக்கு நரம்பு கிடையாது. ‘கிடையாது’வுக்குக் கீழே இரண்டு கோடு.

கடைக்காரர் முள் கட்டிக்கொண்டிருக்கிறார். எட்டாம் நம்பர் முள். தலையில் ஓட்டை இல்லை, தட்டையாக அடித்திருக்கிறது. நரம்பை வளைத்து, தண்டின்மேல் ஏழு சுற்று சுற்றி, நுனியை வளையத்துக்குள் விடுகிறார். முடிச்சை வாய்க்குக் கொண்டுபோய் எச்சில் தொடுகிறார். பிறகுதான் இழுக்கிறார். காய்ந்த முடிச்சை இழுத்தால் உரசிச் சூடேறும். அறுவது அந்த இடத்தில்தான். கட்டிய முள்ளை அட்டையில் குத்துகிறார். அட்டைக்குப் பத்து முள். பத்து எச்சில்.

ஒரு கொத்தனார் வருகிறார். செங்கல் வரிக்குப் பிடிக்க நூல் வேண்டும். பச்சை ரோல் ஒன்றை எடுக்கிறார், காசை வைக்கிறார், போகிறார். நரம்பைப் பார்க்கவே இல்லை.

அடுத்து ஒரு ஆச்சி. கண்டாங்கிச் சேலை. கையில் பாதி முடிந்த ஓலைக் கொட்டான், விளிம்பில் பாசிமணி.

“தம்பி, மணிக்குள்ள ரெண்டு தரம் போய்வரணும்.”

“இருபது போதும் ஆச்சி.”

இருபது என்றால் 0.20 மில்லிமீட்டர். ஆச்சி மடியிலிருந்து ஒரு மணியை எடுக்கிறார். நரம்பு ஒருமுறை போகிறது. இரண்டாம் முறை நிற்கிறது. மணியைக் கடைக்காரர் முன்னால் நீட்டுகிறார். ஒன்றும் சொல்வதில்லை. 0.18 வருகிறது. இரண்டு முறையும் போகிறது. ஆச்சி ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார். கடைக்காரர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு பெரியவர் நிற்கிறார். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு. துணிப்பையிலிருந்து நான்காய் மடித்த செய்தித்தாளை எடுக்கிறார்.

“வாங்க சார். கண்மாய்க்கா?”

“ஆத்துக்கு.”

கடைக்காரர் முள்ளைக் கீழே வைக்கிறார். ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் கண்மாய். அதிலும் மீன்பாசி ஏலம் போன கண்மாயில் தூண்டிலோடு நின்றால் குத்தகைக்காரரின் காவலாள் வருவார். ஆறென்று பெயர் சொல்ல வேண்டுமானால் வைகை. அதற்கு மானாமதுரை போக வேண்டும். அங்கும் ஆண்டின் பெரும்பகுதி வைகை மணல்தான்.

பெரியவர் செய்தித்தாளைப் பெட்டிமேல் விரிக்கிறார். வைகை அணை நீர்மட்டம் 69 அடி. முழு உயரம் 71. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். செய்தியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கட்டம். ஓரத்தில் அதே மையில்: தக்கை 2, ஈயம், நரம்பு.

“மேல் நரம்பு நாப்பது கிடக்கு. முள்ளுக்கு மேல கட்டத்தான் வேணும். ஒரு சாண்.”

“மேல் நரம்பு எப்பப் போட்டது சார்?”

“அது நல்லாத்தான் இருக்கு.”

நான்கு ரோல்கள் வெளியே வருகின்றன. 0.25, 0.28, 0.30, 0.35. முள்ளை ஒட்டி வரும் துண்டு மேல் நரம்பைவிட மெலிந்து இருக்க வேண்டும். வேரில் மாட்டினால் முள்ளோடு அந்தத் துண்டு மட்டும் போகும். தக்கையும் ஈயமும் மிஞ்சும். ரொம்ப மெலிந்தால் நல்ல மீன் போகும். பெரியவர் ஒவ்வொன்றிலும் ஒரு முழம் இழுக்கிறார். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். இரண்டு விரலில் சுற்றிச் சுண்டுகிறார். நகத்தின்மேல் ஓட்டிச் சொரசொரப்பு பார்க்கிறார். 0.28-ஐ வைத்துவிட்டு 0.30. 0.30-ஐ வைத்துவிட்டு மறுபடி 0.28.

பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே எட்டிப்பார்க்கிறான்.

“அண்ணே, விராலுக்குப் பின்னல். ரப்பர் தவளை ஒண்ணு.”

கருப்புப் பின்னல் நரம்பு. தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் நீளாது. விராலின் பல்லுக்கும் அல்லித் தண்டுக்கும் தாங்கும். பைக் கிளம்பிவிடுகிறது. பெரியவர் அந்தப் பக்கமே பார்க்கிறார்.

“அது ஆத்துக்கு ஆகுமா?”

“கையை அறுத்துரும் சார். கெண்டைக்கு எதுக்கு?”

கடைக்காரர் ஸ்டூல்மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுக்கிறார். தூசியை ஊதுகிறார். பெட்டியில் ஜப்பான் எழுத்து. புளோரோகார்பன். ஜப்பானில் குரேஹா கம்பெனி 1971-ல் கண்டுபிடித்த சரக்கு. நைலானைவிடக் கனம், தானாக மூழ்கும். விலை 380.

“தண்ணிக்குள்ள போனா மீனுக்குத் தெரியாது சார்.”

பெரியவர் நம்பவில்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து கண்ணாடி கிளாசில் தண்ணீர் வருகிறது. நைலானில் ஒரு துண்டு, இதில் ஒரு துண்டு. இரண்டும் தெரிகின்றன.

“ரெண்டும் தெரியுதேப்பா.”

“நாம மேலருந்து பாக்கிறோம் சார். மீன் பக்கத்துலருந்துல்ல பாக்கும்.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். குனிகிறார். கண் கிளாசின் உயரத்துக்கு வருகிறது. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, புளோரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53. கிளாசுக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் முகம் அகலமாகத் தெரிகிறது. பெரியவர் அரை நிமிடம் அப்படியே இருக்கிறார். தெருவில் போகிற ஒருவர் நின்று, அவரும் குனிந்து பார்க்கிறார்.

380 ரூபாய் கைமாறுகிறது. போகிற போக்கில் 0.30 நைலானும் ஒன்று பைக்குள் போகிறது. “எதுக்கும் இருக்கட்டும்.”

முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகள். தேக்குத் தூண்கள், எனாமல் தூக்குச்சட்டிகள், யாரோ ஒருவருடைய கல்யாணப் படம். பெரியவர் ஒரு தகர டப்பாவின் முன்னால் நிற்கிறார். உள்ளே மஞ்சள் பாரித்த இழைகள், சுருளாக.

“வயலின் நரம்பு சார். பழசு.”

வயலின் நரம்பு இல்லை. பட்டுப்புழுவின் வயிற்றைக் கீறி, பட்டுச் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்து நீட்டிய இழை. ஸ்பெயின் நாட்டு முர்சியாவில் இதற்கென்றே பட்டறைகள் இருந்தன. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி எச். எஸ். தாமஸ் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-ல் தனிப் புத்தகமே போட்டார். அந்தக் காலத்துத் துரைமார் முள்ளுக்கு மேல் கட்டியது இது. 1938-ல் டூபான்ட் நைலானை அறிவித்தது. பிறகு இது மெல்ல மெல்ல டப்பாவுக்குள் போனது. ஊறவைத்த பிறகே கட்ட வேண்டும். பெரியவர் ஓர் இழையை வளைக்கிறார். முறிகிறது. கடைக்காரர் துண்டைப் பார்க்கிறார், பெரியவரைப் பார்க்கிறார்.

“இருபது ரூபா குடுங்க சார்.”

வெள்ளம் வடிந்த ஒரு வியாழக்கிழமை. திருச்சியிலிருந்து வரும் பாசஞ்சர். தேவகோட்டை ரஸ்தா, கல்லல், பனங்குடி, சிவகங்கை. தூண்டில் குச்சி நிற்க மேல்பலகை உயரம் போதவில்லை. பெரியவர் அதை ஜன்னலோரம் சாய்த்து, மானாமதுரை வரும்வரை பிடித்துக்கொண்டே வருகிறார்.

வைகையில் தண்ணீர் போகிறது. அகலமாக, வேகமில்லாமல். பாலத் தூண்களில் ஆகாயத்தாமரை சிக்கிக் கிடக்கிறது. மணல்மேட்டில் முளைத்த சீமைக் கருவேலம் இடுப்பளவு நீரில் நிற்கிறது. தண்ணீர் டீ நிறம். கையை உள்ளே விட்டால் மணிக்கட்டோடு கை காணாமல் போகிறது.

பெரியவர் துண்டை விரித்து உட்காருகிறார். கொட்டாங்கச்சியில் ஈரமண், மண்புழு. ஜப்பான் பெட்டியைத் திறக்கிறார். ஒரு சாண் அளந்து வெட்டுகிறார். ஏழு சுற்று. எச்சில். இழுப்பு. மேல் நரம்போடு முடிகிறார். மேல் நரம்பு வெள்ளையாக இருந்தது, இப்போது பழுப்பு. சுருளின் வளைவு அதில் அப்படியே நிற்கிறது. நைலான் வெயிலில் கிடந்தால் உள்ளுக்குள் உலுத்துப்போகும். வெளியே சட்டென்று தெரியாது.

ஆடு மேய்ப்பவர் ஒருவர் வந்து நிற்கிறார். தோளில் தொரட்டி.

“என்ன நரம்பு சார்?”

“தண்ணிக்குள்ள போனா மீனுக்குத் தெரியாது.”

ஆட்டுக்காரர் தண்ணீரைப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார்.

“இந்தத் தண்ணியில வடக்கயிறப் போட்டாலும் தெரியாதே சார்.”

சிவப்புத் தக்கை நிமிர்ந்து நிற்கிறது. ஆடுகள் மேட்டில் ஏறுகின்றன, இறங்குகின்றன. பாலத்தில் ஒரு ரயில் போகிறது. தக்கை ஒருமுறை சிலிர்க்கிறது. ஜிலேபியாக இருக்கலாம். பெரியவர் குச்சியைத் தொட்டுவிட்டுக் கையை எடுக்கிறார். மறுபடி சிலிர்ப்பு. தக்கை உள்ளே போகிறது. சுண்டுகிறார். குச்சி வளைகிறது, வளைந்தபடியே நிற்கிறது. மீன் இல்லை. வேர்.

இடப்பக்கம் இழுக்கிறார். வலப்பக்கம் இழுக்கிறார். எழுந்து நின்று இழுக்கிறார். ‘டப்’. குச்சி நிமிர்கிறது. நுனியில் பழுப்பு நரம்பு நான்கு முழம் காற்றில் ஆடுகிறது. தக்கை ஆற்றின் நடுவே, கருவேலத்துக்குப் பக்கத்தில், ஓட்டத்தில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது.

கீழே வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தவர் இதையெல்லாம் பார்த்திருக்கிறார். இடுப்பளவு நீரில் நடந்து போகிறார். தக்கையைப் பிடித்து நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரே இழு. வேர்த்துண்டு பிய்ந்துகொண்டு வருகிறது. முள் அதில். முள்ளுக்கு மேல் ஒரு சாண், கீறல்கூட இல்லாமல்.

கரைக்கு வந்து நீட்டுகிறார். ஆட்டுக்காரரும் குனிந்து பார்க்கிறார்.

“கீழ் நரம்பு கெட்டியா இருக்கே சார். என்ன விலை?”

பெரியவர் வேரிலிருந்து முள்ளைக் கழற்றுகிறார்.

“நூத்தம்பது.”

“நமக்கு ஒண்ணு வாங்கியாந்து குடுங்க சார்” என்கிறார் வலைக்காரர். மடியிலிருந்து நனைந்த நோட்டுகளை எடுத்து, நூற்றைம்பதை எண்ணத் தொடங்குகிறார்.